இருமுறை பிறந்த செயலி

பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகிறவர் கரையில் நிற்கும்போதே அறிய விரும்புவது மூன்று: வெளியே அலை எவ்வளவு உயரம், காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது, மீன் எந்தப் பக்கம். முதல் இரண்டும் தவறினால் உயிர் போகும். மூன்றாவது தவறினால் டீசல் காசு போகும். இந்த மூன்றையும் தமிழில், கைப்பேசியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று செய்யப்பட்ட செயலிதான் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’. 2007-ல் அது ஒருமுறை பிறந்தது. அது ஓடிய கைப்பேசிகளும், அந்தக் கைப்பேசிகளுக்கு இணைப்புத் தந்த அலைவரிசைத் தொழில்நுட்பமும் வழக்கொழியும் காலம் வந்தபோது, வேறொரு கணினி மொழியில், வேறொரு வகைக் கைப்பேசியில் மறுபடியும் பிறந்தது.

ஒரு மொழியில் எழுதிய நிரலை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவதை மென்பொருள்காரர்கள் ‘போர்ட் பண்ணுவது’ என்பார்கள். அலுவலகத்தில் அது அலுப்பான வேலையாகக் கருதப்படும். புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நிரல் எதை நம்பிக்கொண்டு ஓடுகிறது என்பது வெளியே வருவது அந்த வேலையில்தான். கடலுக்குப் போகும் மனிதருக்காக எழுதிய நிரலில் அந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு.

கதை கைப்பேசிக்கு முன்பே தொடங்குகிறது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. அவற்றுள் ஒன்று வீராம்பட்டினம் என்ற மீனவர் கிராமத்தில் இருந்தது. அங்கே மையத்தை நடத்தியவர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஊர் முழுக்கக் கேட்டது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது, அடுப்படியில் இருந்தவருக்கும் கேட்டது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, அதே திட்டத்தின் மையம் இருந்த நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை அந்த ஒலிபெருக்கியில் அறிவித்து, அலை வருவதற்குள் ஊரையே வெளியேற்றினார்கள்.

ஒலிபெருக்கிக்கு ஓர் எல்லை உண்டு. அது கரையோடு நின்றுவிடும். அதிகாலை மூன்று மணிக்குப் படகைத் தள்ளுகிறவர் காலை எட்டு மணி வாசிப்பைக் கேட்க முடியாது. அந்த இடைவெளியில்தான் கைப்பேசி வந்தது.

2007-ல் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம், டாடா டெலிசர்வீசஸ், சென்னையைச் சேர்ந்த அஸ்ட்யூட் டெக்னாலஜி சிஸ்டம்ஸ் ஆகியவை சேர்ந்து செயலியின் முதல் வடிவத்தை உருவாக்கின. அன்றைக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசி என்று ஒன்று சந்தைக்கு வரவே இல்லை. சிடிஎம்ஏ என்ற அலைவரிசைத் தொழில்நுட்பத்தில் ஓடிய டாடா இண்டிகாம் கைப்பேசிகளில் ‘ப்ரூ’ என்ற தளம் இருந்தது. அதை 2001-ல் குவால்காம் கொண்டுவந்தது. அதற்கான நிரல்களை சி அல்லது சி++ மொழியில் எழுத வேண்டும்.

ப்ரூவில் எழுதியவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது நினைவகப் பஞ்சத்தைத்தான். கேட்டு வாங்கிய நினைவகத்தை ஒவ்வொரு துளியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறந்தால் கைப்பேசி திணறி நின்றுவிடும். சாதாரண சி நிரலில் எல்லாரும் பயன்படுத்துகிற பொது மாறிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. நிரலின் நிலவரம் முழுவதையும் ஒரே கட்டமைப்புக்குள் அடைத்துக் கையோடு வைத்திருக்க வேண்டும். தசமப் புள்ளிக் கணக்கைக்கூடத் தயங்கித்தான் செய்வார்கள், ஏனென்றால் அந்தச் சில்லுகளில் அதற்கென்று தனி உறுப்பு இல்லை. எல்லா நிகழ்வும், பொத்தானை அழுத்துவதோ அழைப்பு வருவதோ எதுவானாலும், ஒரே ஒரு செயற்கூற்றின் வாசலில்தான் வந்து நிற்கும். எழுதி முடித்ததைத் தாமாக வெளியிடவும் முடியாது. சோதனைக்கு அனுப்பி, தேர்ச்சி பெற்று, மின்கையொப்பம் வாங்கி, நெட்வொர்க் நிறுவனத்தின் வழியாகத்தான் கைப்பேசிக்குள் இறங்கும். ஒரு சொல் பிழையைத் திருத்துவதற்கும் இதே சுற்றுதான்.

இத்தனை நெருக்கடியிலும் அந்த முதல் வடிவம் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம், சந்தை விலை, அரசுத் திட்டங்கள் என்று தந்தது. மீனவரிடம் கேட்டு, அவருக்கு வேண்டியதை மட்டும் வைத்ததால்தான் அது அந்தச் சிறிய திரைக்குள் அடங்கியது.

செயலி வெறும் கடைசிப் படிதான். அதற்குப் பின்னால் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கிருந்து 1999 மே 26 அன்று ஓஷன்சாட்-1, 2009 செப்டம்பர் 23 அன்று ஓஷன்சாட்-2 ஆகிய செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. கடல்நீரின் நிறத்தைப் பார்த்து அதில் பச்சையம் எங்கே அடர்ந்திருக்கிறது என்று சொல்வது அவற்றின் வேலைகளில் ஒன்று. பச்சையம் உள்ள இடத்தில் மிதவை நுண்ணுயிர் இருக்கும். அதைத் தேடி சிறு மீன் வரும். சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். இதோடு கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து, 1999-ல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், மீன்வள வாய்ப்பிடங்களைக் கணிக்கிறது. ஒவ்வொரு ராக்கெட் ஏவும் நாளிலும் பழவேற்காட்டுப் படகுகளைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று நிறுத்திவைப்பார்கள். லைட்ஹவுஸ் குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்தவர்களின் எதிர்க்கரையிலிருந்துதான் அந்த மீன் சொல்லும் கோள் மேலே போனது. அவர்கள் விட்டுக்கொடுத்த நாளுக்கு ஈடாக அவர்கள் கைக்கு ஏதாவது வந்து சேர வேண்டும் என்று நினைப்பது நியாயம்தானே. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தச் சங்கிலி.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் வெவ்வேறு கணினி மொழி. அலையைக் கணிக்கும் பெரிய மாதிரிகள் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. 1957-ல் ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் வெளியிட்ட அந்த மொழி இன்னும் வானிலையையும் கடலையும் விட்டுப் போகவில்லை. இன்காய்ஸ் பயன்படுத்துகிற மாதிரிகளில் ஒன்றான வேவ்வாட்ச், ஹென்ட்ரிக் டோல்மன் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய அதே டச்சுக்காரர்களின் நாடு. அவர்கள் விட்டுப்போன கல்லறைகளைப் பார்க்கப் பழவேற்காட்டுக்கு ஆள் வருகிறது. அவர்கள் நாட்டில் பிறந்த அலைக்கணக்கு அதே ஊருக்கு வருவது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

ஃபோர்ட்ரானிலிருந்து சி மொழிக்கு மாற்றுவது பழகிப்போன வேலை. 1990-ல் பெல் ஆய்வகத்தில் ஃபெல்ட்மன், கே, மைமோன், ஷ்ரையர் ஆகிய நால்வர் அதற்கென்றே எஃப்2சி என்ற மாற்றியை வெளியிட்டார்கள். ஃபோர்ட்ரான் நிரலை உள்ளே கொடுத்தால் சி நிரலாக வெளியே வரும். அதற்கு முன்பே 1978 வாக்கில் இன்டெல், தன் பழைய 8080 சில்லுக்கு எழுதிய நிரல்களைப் புதிய 8086-க்கு மாற்றித் தரும் கருவியைக் கொடுத்திருந்தது. வாடிக்கையாளர்கள் பழைய நிரலைத் தூக்கியெறிய மனமில்லாமல் புதிய சில்லை வாங்கத் தயங்குவார்கள் என்ற பயத்தில் பிறந்த கருவி அது. மாற்றிகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்திருக்கின்றன: பழசை இழக்க முடியாது, பழைய இடத்திலேயே இருக்கவும் முடியாது.

கருவி இருந்தாலும் பொறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபோர்ட்ரானில் வரிசையின் முதல் உறுப்பின் எண் 1. சி மொழியில் 0. கடலைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அலை உயரம் வைத்திருக்கும் அட்டவணையை ஒரு நிரல் எழுத, இன்னொரு நிரல் படிக்கும்போது இந்த ஒன்று பிசகினால் பக்கத்துக் கட்டத்தின் கணக்கு கிடைக்கும். கட்டம் கால் பாகை அகலம் என்று வைத்துக்கொண்டால் பிசகு சுமார் 28 கிலோமீட்டர். பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குக் கேட்டவருக்குத் திருவொற்றியூர்ப் பக்கத்து அலை வரும். இன்னொன்றும் உண்டு. ஃபோர்ட்ரான் அட்டவணையைப் பத்தி பத்தியாக நினைவகத்தில் அடுக்கும். சி வரிசை வரிசையாக அடுக்கும். அதைக் கவனிக்காமல் படித்தால் கடலே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். வடக்கு தெற்கு இருந்த இடத்தில் கிழக்கு மேற்கு வந்துவிடும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. எண்கள் எல்லாம் பார்வைக்கு அலை உயரம் போலவே இருக்கும்.

இப்போது இரண்டாவது பிறப்புக்கு வருவோம். 2008-க்குப் பிறகு ஆண்ட்ராய்டு வந்து பரவியது. சிடிஎம்ஏ மெல்ல மெல்ல ஓய்ந்து, இந்தியாவில் 2010-களின் கடைசி ஆண்டுகளில் அணைந்தே போனது. ப்ரூவில் பிறந்த எல்லாச் செயலிகளுக்கும் முன்னால் இருந்த வழி இரண்டு: ஆண்ட்ராய்டின் மொழியான ஜாவாவில் மறுபடி பிறப்பது, அல்லது கைப்பேசியோடு குப்பைக்குப் போவது. ஃபிஷர் ஃப்ரெண்ட் முதல் வழியை எடுத்தது. ஆண்ட்ராய்டில் அது குவால்காம், இன்காய்ஸ் துணையோடு புதிதாக வந்தது.

சி, ஜாவா இரண்டுமே பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதே நெளி அடைப்புக்குறி, அதே அரைப்புள்ளி, அதே சுழற்சிக் கட்டளைகள். இந்த ஒற்றுமைதான் ஆபத்து. வரிக்கு வரி மாற்றிவிடலாம் என்ற துணிச்சலைத் தந்துவிடும்.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. அலை உயரத்தைச் சென்டிமீட்டரில் ஒரு பைட்டில் வைப்பதாகக் கொள்வோம். நினைவகப் பஞ்சம் உள்ள கைப்பேசியில் அது புத்திசாலித்தனமான முடிவு. சி மொழியில் குறியற்ற பைட் என்றால் 0 முதல் 255 வரை கொள்ளும், இரண்டரை மீட்டர் அலை வரைக்கும் இடம் இருக்கிறது. அதே வரியை ஜாவாவுக்குக் கொண்டுபோனால் அங்கே பைட் என்பது −128 முதல் 127 வரைதான். கடல் அமைதியாக 80 சென்டிமீட்டர், 1.2 மீட்டர் அலை இருக்கும் நாளில் எல்லாம் சரியாக வேலை செய்யும். சோதிக்கிறவர் தலையாட்டுவார். 1.8 மீட்டர் அலை எழும்பும் நாளில் 180 என்ற எண் −76 ஆகிவிடும். யாருக்காக அந்தச் செயலி எழுதப்பட்டதோ அந்த நாளில் மட்டும் பொய் சொல்லும்.

இது கற்பனைப் பயம் என்று தோன்றினால் 1996 ஜூன் 4-ஐ நினைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பி சுமார் 37 விநாடியில் வழி தவறிச் சிதறியது. அதன் திசை அறியும் கருவிக்கான நிரல் ஏரியான்-4-லிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டது. அதில் 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று இருந்தது. ஏரியான்-4-ன் பாதையில் அந்த எண் ஒருபோதும் எல்லை மீறாது என்று எழுதியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள், கணக்கும் சரிதான். ஏரியான்-5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் போனது. எண் எல்லையைத் தாண்டியது. துணைக் கருவியிலும் அதே நிரல். அதுவும் அதே காரணத்தால் நின்றது. ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த குழு அந்த ஜூலையிலேயே அறிக்கை கொடுத்தது. என்னை அதிகம் உறுத்துவது அந்த அறிக்கையில் உள்ள இன்னொரு செய்தி: பிழை ஏற்பட்ட அந்தப் பகுதிக்கு ஏரியான்-5-ல் கிளம்பிய பிறகு வேலையே இல்லை. பழைய ராக்கெட்டுக்குத் தேவைப்பட்டது என்பதற்காகக் கூடவே வந்தது. நான்கு செயற்கைக்கோள்கள் அதோடு போயின.

அங்கே மொழிகூட மாறவில்லை. இரண்டு ராக்கெட்டிலும் அடா மொழிதான். நிரலின் எழுத்து ஒன்றும் குறையாமல் வந்து சேர்ந்தது. அது எந்த ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது என்ற செய்தி மட்டும் வந்து சேரவில்லை. நிரல் மாற்றத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான். மொழியை மாற்றுவது எளிது, கருவிகள் இருக்கின்றன. எழுதியவர் மனதில் இருந்த இடமும் ஆளும் நாளும் நிரலின் வரிகளுக்குள் வருவதில்லை. அவற்றை மறுபடி போய்க் கேட்டுத்தான் எடுத்து வர வேண்டும்.

கைப்பேசி மாறியபோது மாறியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பழைய கைப்பேசியில் பொத்தான்கள் இருந்தன. மீன் செதிலும் உப்புத் தண்ணீரும் ஒட்டிய விரலால் அழுத்தினாலும் பொத்தான் வேலை செய்யும். தொடுதிரை ஈரக் கையை ஏற்காது. தண்ணீர்த் துளியையே விரல் என்று எண்ணிக்கொள்ளும். பழைய செயலியில் ‘எண் 1-ஐ அழுத்தினால் அலை உயரம்’ என்பது ஒரு வரி. புதியதில் அது பெரிய பட்டையாக, ஒரே தொடுதலில், படகு ஆடும்போதும் விரல் தவறாத அளவில் இருக்க வேண்டும். அதை எந்த மாற்றியும் செய்து தராது. பழைய கைப்பேசி வெயிலிலும் படிக்கக்கூடிய மங்கிய சின்னத் திரையோடு வந்தது. புதியதன் பளபளப்புத் திரை நடுப்பகல் கடலில் கண்ணாடி ஆகிவிடும். தமிழ் எழுத்தும் சிக்கலாகத்தான் இருந்தது. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் கட்டம் கட்டமாகவோ கொம்பும் காலும் இடம் மாறியோ தெரிந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். 4.0 பதிப்பு வந்த பிறகுதான் நிலைமை சீரடைந்தது.

பெற்றவையும் உண்டு. புதிய கைப்பேசிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். ஜிபிஎஸ் வந்ததும் செயலியின் தன்மையே மாறியது. முதல் வடிவம் தகவல் பலகை. இரண்டாவது வடிவம் கூடவே வருகிற துணை. போன தடத்தைக் குறித்துவைக்கலாம், வலை கிழிக்கும் பாறையையும் மூழ்கிய படகையும் குறித்துக்கொள்ளலாம், சர்வதேசக் கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கும், ஆபத்தில் உதவி கேட்கலாம். தமிழோடு தெலுங்கு, மலையாளம், ஒடியா, வங்காளம் என்று மொழிகளும் கூடின. இவற்றில் ஒன்றையும் பழைய நிரலிலிருந்து மொழிபெயர்த்து எடுத்திருக்க முடியாது.

எல்லை எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். ராமேஸ்வரத்து மீனவருக்கு அது சிறைக்கும் வீட்டுக்கும் இடையிலான கோடு. பழவேற்காட்டில் இருப்பவருக்கு இலங்கை எல்லை அன்றாடக் கவலை கிடையாது. அவர் எல்லைகள் வேறு. ஏரியின் பெரும்பகுதி, ஏறத்தாழ 84 சதவீதம், ஆந்திரத்தில் இருக்கிறது. தண்ணீரில் கோடு தெரியாத அந்த எல்லையில் இரு மாநில மீனவர்களுக்கும் மோதல் வந்திருக்கிறது. ஏவுதல் நாளில் கடலில் இன்னோர் எல்லை முளைத்து, மறுநாள் மறைந்துவிடும். ஒரே தமிழ்நாட்டுக் கடற்கரை, ஒரே செயலி. ‘எல்லை’ என்று நிரலில் எழுதிய இடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் வேறு பொருள்.

அளவுகளும் அப்படித்தான். கடலோடிகள் ஆழத்தைப் பாகம் என்ற அளவில் சொல்வார்கள். காற்றை வாடை, கொண்டல், கச்சான் என்பார்கள். இன்காய்ஸின் அறிவிப்பில் மீன்பிடி இறங்குதளத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர், இந்தத் திசை, இத்தனை மீட்டர் ஆழம், இந்த அட்சரேகை தீர்க்கரேகை என்று வரும். படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி பாகையையும் நிமிடத்தையும் காட்டும். கணினி பாகையைத் தசமத்தில் எழுதும். 13 பாகை 25.5 நிமிடம் என்பது தசமத்தில் 13.425. அதைக் கவனிக்காமல் 13.255 என்று தட்டிவிட்டால் சுமார் 19 கிலோமீட்டர் தெற்கே போய்விடும், பழவேற்காட்டிலிருந்து எண்ணூருக்கு. டீசல் போட்டுப் போனவருக்கு மீனும் இல்லை, போன காசும் இல்லை.

ஏரிக்கு உள்ளே நிலைமை இன்னும் வேறு. கடல் மாதிரிகளுக்குப் பழவேற்காட்டு ஏரி கண்ணுக்கே தெரியாது. சுமார் 60 கிலோமீட்டர் நீளம் இருந்தாலும் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆரணி, காளங்கி, சொர்ணமுகி ஆறுகள் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாக உப்புநீர் ஏறி இறங்கும். முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் இறாலும் இல்லை, மடவையும் இல்லை, படகு வெளியே போக வழியும் இல்லை. அங்கே மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தியது கணினி நிரல் எதுவும் இல்லாத ஒரு விதிமுறை. பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள இறால் பிடிக்கும் தளங்களை யார் எந்த நாளில் பயன்படுத்துவது என்று கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் தலைக்கட்டுகள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். கல்யாணம் ஆன ஆண் தலைக்கட்டாகக் கணக்கில் வருவார்.

கணினி அறிவியல் படித்தவர் இந்தப் பாடு முறையை ஒரு மாலைப் பொழுதில் நிரலாக எழுதிவிடுவார். பட்டியல், குலுக்கல், சுழற்சி. அதில் வராதது, இன்ன தளத்தில் இறால் அதிகம், இன்னதில் குறைவு, ஆகவே எல்லாருக்கும் நல்லதும் கெட்டதும் மாறி மாறி வர வேண்டும் என்ற அறிவு. அந்த ஏற்றத்தாழ்வு இருப்பதால்தான் சுழற்சியே தேவைப்பட்டது. அதோடு, அந்த விதியில் இடம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கையால் இறால் பிடிக்கும் இருளர்களும், உரிமை கேட்டு வாதாடிய மற்ற ஊர்க்காரர்களும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பாடு முறையை அப்படியே நிரலாக்கினால் அந்த விலக்கலும் சத்தமில்லாமல் நிரலாகிவிடும். பிறகு கேள்வி கேட்கிறவரிடம் ‘கணினி அப்படித்தான் காட்டுகிறது’ என்று சொல்லிவிடலாம். அதனால்தான் மாற்றுகிறவர் முதலில் ஊரைக் கேட்க வேண்டும் என்கிறேன். பழைய விதியில் எது நியாயத்துக்காக இருந்தது, எது வெறும் வழக்கமாக ஒட்டிக்கொண்டது என்று ஊர்தான் சொல்லும். ஏரியான்-5-க்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருந்திருந்தால் தேவையில்லாத பகுதி கூடவே பறந்திருக்காது.

நிரல் மாற்றம் இப்போது மறுபடி பேசுபொருளாகியிருக்கிறது. ஆண்ட்ராய்டே ஜாவாவைத் தாண்டி வந்துவிட்டது. 2017-ல் கூகுள், ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் காட்லின் மொழியை ஏற்றுக்கொண்டது. ஜாவா கோப்பைத் திறந்து ஒரு கட்டளை கொடுத்தால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அதைக் காட்லினாக மாற்றித் தருகிறது. 2023-ல் ஐபிஎம், வங்கிகளில் கிடக்கும் கோபால் என்ற பழைய கணினி மொழியின் நிரல்களை ஜாவாவாக்கச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்தது. 2024-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி முகமையான டார்பா, சி நிரல்களை ரஸ்ட் மொழிக்குத் தானாக மாற்ற ஒரு திட்டத்தை அறிவித்தது. சி மொழியில் நினைவகத்தைக் கையாள்வதில் வரும் பிழைகள் பாதுகாப்பு ஓட்டைகளாவது அதற்குக் காரணம். இவை வேண்டியவை, வரவேற்கிறேன். பைட்டின் எல்லை, வரிசையின் தொடக்க எண் போன்ற பொறிகளை ஒரு நல்ல கருவி மனிதரைவிட ஒழுங்காகப் பிடிக்கும். ஈரக் கையை அது பிடிக்காது.

கைப்பேசிச் செயலிக்கு இன்னொரு பெரிய நம்பிக்கை இருந்தது: கோபுரம் எட்டும் தூரத்தில் மீனவர் இருப்பார் என்பது. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எத்தனை நல்ல நிரலாக இருந்தாலும் அன்றைக்கு அது ஊமைதான்.

அதற்குப் பிறகு 2019 அக்டோபரில் இன்காய்ஸும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் ஜெமினி என்ற சிறு கருவியை அறிமுகப்படுத்தின. விமானங்களுக்காக ஏற்படுத்திய ககன் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும். கருவி அதை வாங்கி, புளூடூத்தில் கைப்பேசிக்குக் கொடுக்கும். கைப்பேசியிலுள்ள செயலி அதைத் தமிழிலோ தெலுங்கிலோ காட்டும். கோபுரம் வேண்டாம். இங்கே நிரலின் அமைப்பு மறுபடி தலைகீழாகிறது. 2007-ல் கைப்பேசி கேட்கும், சர்வர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். ஜெமினியில் கைப்பேசி எதையும் கேட்க முடியாது. செய்தி ஒருவழியாக மட்டும் வரும், எல்லாப் படகுக்கும் பொதுவாக வரும். தனக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கும் வேலை கைப்பேசிக்குள் இருக்கும் நிரலின் தலையில் விழுகிறது. குறுகிய அலைவரிசைக்குள் அடங்க வேண்டும் என்பதால் செய்தியையும் இறுக்கிச் சுருக்க வேண்டும். சி மொழிக்காரர்கள் ப்ரூவில் பட்ட அதே பைட் கணக்கு மறுபடி வந்துவிட்டது.

திரும்பப் பேச முடியாத குறையைத் தீர்க்க இஸ்ரோ இருவழிக் கருவி ஒன்றைச் செய்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிய திட்டத்தின்கீழ் 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுகளில் அதை இலவசமாகப் பொருத்துகிறார்கள். அதற்கும் ஒரு கைப்பேசிச் செயலி, நபமித்ரா. படகிலிருந்தே தகவல் அனுப்பலாம். பழவேற்காட்டில் ஃபைபர் படகு வைத்திருப்பவருக்கு அது வந்து சேரும்போது அவரிடம் கேட்டு எழுத வேண்டியவை நிறைய இருக்கின்றன: கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது, திரையை எந்தக் கையால் தொடுவது, முகத்துவாரத்தில் அலை ஏறும்போது எந்த எச்சரிக்கை முதலில் ஒலிக்க வேண்டும், ஏவுதல் நாள் முதல் நாள் மாலையில் சொன்னால் போதுமா.